டான் ஸ்டேலி: கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை, கோச் டான் ஸ்டேலியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாளில் நானும் அவரைப் போலவே பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடியவள். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயரம் 5 அடி 6 அங்குலம்தானே? அந்த உயரத்தில் எப்படிச் சமாளித்தார்?

பிலடெல்பியாவின் வடபகுதியில், அரசுக் குடியிருப்பு ஒன்றில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர். அங்கே குள்ளமான பெண்ணுக்குப் பந்து கிடைக்க வேண்டுமென்றால் பந்தைக் கொண்டுவருவதும் சரியான ஆளுக்குப் பாஸ் கொடுப்பதும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆடும்போது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருப்பார். தப்பு செய்தால் அதை இழுத்துச் சுண்டிக்கொள்வார். நானும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம்.

கேள்வி: கல்லூரியில் சாம்பியன் ஆனாரா?

இல்லை. அவர் ஆடிய வர்ஜீனியா பல்கலைக்கழக அணி, கல்லூரிகளுக்கான தேசியத் தொடரில் 1990, 91, 92 என்று மூன்று வருடமும் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது, ஒரு தடவைகூடக் கோப்பை கிடைக்கவில்லை. 1991 இறுதிப் போட்டி கூடுதல் நேரம் வரை போய், டென்னசியிடம் 70-67 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த வீராங்கனை விருது இவருக்குத்தான். மறு வருடம் அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, 66-65. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

கேள்வி: பிறகு ஏன் வெளிநாடு போனார்?

ஊரில் ஆட இடமில்லை. பெண்களுக்கான அமெரிக்கத் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கியதே 1997-ல். அவர் கல்லூரி முடித்த சமயத்தில் சம்பளத்துக்கு ஆட வேண்டுமென்றால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: ஆடிக்கொண்டே கோச் ஆனார் என்கிறார்களே, எப்படி முடிந்தது?

நல்ல கேள்வி. 2000-ல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் அழைத்தபோது முதலில் அவருக்கு விருப்பமே இல்லை. அப்போது அவர் டபிள்யூஎன்பிஏவில் சார்லட் ஸ்டிங் அணியின் பாயிண்ட் கார்ட். ஆனால் நாட்காட்டி சாதகமாக இருந்தது: டபிள்யூஎன்பிஏ கோடையில், கல்லூரி ஆட்டங்கள் நவம்பரிலிருந்து வசந்தம் வரை. ஆக, குளிர்காலத்தில் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார், கோடையில் உள்ளே இறங்கி ஓடுவார். 2006-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் வரை இப்படித்தான். இடையில் 2000, 2004 ஒலிம்பிக் தங்கம் வேறு! 1996-லேயே ஒன்று வாங்கியாகிவிட்டது. 2004-ல் ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி வந்தவரும் இவரே.

பாயிண்ட் கார்டுக்குக் கோச் வேலை பாதி பழகின வேலைதான் என்பது என் கட்சி. மற்ற நான்கு பேரும் எங்கே நிற்கிறார்கள், யாருக்குக் களைப்பு, யார் கோபத்தில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணில் பட்டாக வேண்டும்.

கேள்வி: டபிள்யூஎன்பிஏ பட்டம்?

கிடைக்கவில்லை. 2001-ல் சார்லட் முதல் 11 ஆட்டங்களில் 10 தோற்று, அப்புறம் எழுந்து இறுதிப் போட்டி வரை வந்தது. அங்கே லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் மடக்கிவிட்டது.

கேள்வி: சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்தவுடன் ஜெயித்தாரா?

எங்கே! 2008-ல் வந்தார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. உள்ளூர்ப் பெண் ஏஜா வில்சன் 2014-ல் சேர்ந்த பிறகு, 2015-ல்தான் முதன்முறையாகக் கடைசி நான்குக்குள் வந்தார்கள். பிறகு 2017, 2022, 2024 என மூன்று கோப்பைகள். 2024-ல் 38 ஆட்டம், 38 வெற்றி. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் இவர்தான் கோச், அங்கேயும் தங்கம்.

கேள்வி: வலைத் துண்டு கதை உண்மையா?

உண்மை. ஜெயித்த அணி ஏணியில் ஏறி, வளையத்தில் தொங்கும் வலையைக் கத்தரியால் வெட்டி எடுப்பது அங்கே வழக்கம். 1999-ல் பர்டூ பல்கலைக்கழக அணிக்குத் தேசியக் கோப்பை வாங்கித் தந்த கேரலின் பெக், அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் கோச். அவர் தன் வலையில் ஒரு துண்டை 2015-ல் ஸ்டேலியிடம் கொடுத்தார், ‘நீ ஜெயித்ததும் திருப்பிக் கொடு’ என்று. 2017-ல் ஸ்டேலி ஜெயித்தார். சில வருடம் கழித்து அந்த 2017 வலையைத் துண்டு துண்டாக நறுக்கி, கல்லூரி அணிகளுக்குத் தலைமைக் கோச்சாக இருந்த கறுப்பினப் பெண்களுக்குத் தபாலில் அனுப்பினார். விரல் நீள நைலான் கயிறு, அவ்வளவுதான்.