எகிப்தியப் படங்களை எங்கிருந்து தொடங்குவது? கெய்ரோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு மஆதி ஃபிளாட்டில் தனியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதிர்வீட்டு அம்மா தட்டில் எதையாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று பேசுகிறார், ஒன்றும் புரியவில்லை. எகிப்தியப் படம் பாருங்கள் என்கிறார்கள், ஆனால் அதெல்லாம் பெல்லி டான்ஸும் காமெடியும்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

கண்டிப்பாகப் பாருங்கள். கெய்ரோப் பேச்சு காதில் பழகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இங்கே யாரை நலம் விசாரித்தாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் பதில் வரும். வீட்டு வாடகை, மகள் கல்யாணம், மகனுக்கு வேலை என்று உள்ளே அரிக்கிற கவலையைப் புதிதாக வந்தவரிடம் கொட்ட மாட்டார்கள். அந்தக் கவலைகளை வைத்துத்தான் இவர்களுடைய நல்ல படங்கள் பலவும் எடுக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் 'உம்முல் அரூஸா' பாருங்கள். 1963-இல் ஆத்திஃப் சாலிம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணப் பெண்ணின் அம்மாவாக நடித்த தஹியா கரியோக்கா, ஒரு காலத்தில் எகிப்தையே கட்டிப்போட்ட நடனக்காரி. இதில் வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற தாய். இமாத் ஹம்தி அப்பா; சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற அலுவலக ஊழியர். மூத்த மகளுக்கு வரன் வந்ததும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் மனுஷன் ஆபீஸ் பணத்திலேயே கை வைத்துவிடுகிறார். மகள் கல்யாணத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் முகத்தில் மட்டும் பயம். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் அந்த முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றும் இங்கே ஃபிளாட்டும் தங்கமும் மாப்பிள்ளை பொறுப்பு. சமையலறைச் சாமான், துணிமணி, மெஷின்கள் என்று பெண் வீட்டார் பங்கும் பெரிது. என் மாடிவீட்டு அம்மா ஒருநாள் உள்ளறையைத் திறந்து காட்டினார். மகள் காலேஜில் சேர்ந்ததிலிருந்து வாங்கிய டின்னர் செட்டும் பாத்திரங்களும் துண்டுகளும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கூரை வரை அடுக்கியிருந்தன. கல்யாணத்தன்று அத்தனையும் பட்டியலாகி, மாப்பிள்ளை அதில் கையெழுத்துப் போட வேண்டும். விவாகரத்து என்று வந்தால் பெண்ணுக்குப் பிடிமானம் அந்தக் காகிதம்தான்.

விவாகரத்து என்றதும் 1975-இல் வந்த 'உரீது ஹல்லன்' பற்றிச் சொல்ல வேண்டும். ஃபாத்தின் ஹமாமா கணவனிடமிருந்து விடுதலை கேட்டு நீதிமன்றத்துக்கு அலைகிறார். படித்தவர், வசதியானவர், அப்படியும் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கப்படுகிறார். அதே வராந்தாவில் ஜீவனாம்சத்துக்காகக் காத்திருக்கும் கிழவியாக அமீனா ரிஸ்க். அவர் வரும் காட்சிகள் மனதை விட்டுப் போகவே போகாது. குடும்பச் சட்டம் 1979-இல் திருத்தப்பட்டதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை கொடுத்த மஹரை, அதாவது மணக்கொடையை, திருப்பிக் கொடுத்து, பண உரிமைகளை விட்டுக்கொடுத்து, கணவன் சம்மதம் இல்லாமலே பெண் பிரிந்துவரலாம் என்ற சட்டம் 2000-இல்தான் வந்தது.

உங்கள் கணவரோடு சேர்ந்து பார்க்க 'சவ்வாக் அல் உத்தோபீஸ்', 1982. ஆத்திஃப் அத்தய்யிப் இயக்கியது. நூர் அல் ஷெரீஃப் பஸ் டிரைவர். வரி பாக்கிக்காக அப்பாவின் தச்சுப் பட்டறை கைவிட்டுப் போகும் நிலை. அதை மீட்க, ஊர் ஊராகப் போய் சொந்த அக்கா தங்கைகளின் வீட்டுப் படியேறிக் கேட்கிறார். ஜனாதிபதி சாதாத் காலத்தில் இறக்குமதி வியாபாரம் திறந்துவிடப்பட்டு, அதில் புதுப்பணம் பார்த்த மாப்பிள்ளைகளுக்குப் பட்டறை என்பது விற்றுப் பங்கு போட வேண்டிய ஓர் இடம், அவ்வளவுதான். அந்த மகனின் களைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கனமான படமாகவே பார்க்க வேண்டாம். 1991-இல் வந்த 'கித் கத்' இம்பாபா பக்கத்துத் தெருக்களின் கதை. கண்பார்வை இல்லாத ஷேக் ஹுஸ்னியாக மஹ்மூத் அப்துல் அஜீஸ் மோட்டார் சைக்கிளே ஓட்டுவார். துக்க வீட்டு மைக்கை யாரும் அணைக்காமல் விட்டிருக்க, அது தெரியாமல் அவர் பேசப் பேச, தெருவின் ரகசியம் அத்தனையும் ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்கும். இகாமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்று நொந்த அன்றைக்கு, அடில் இமாம் நடித்த 'அல் இர்ஹாப் வல் கபாப்' போடுங்கள். பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற தஹ்ரீர் சதுக்கத்தின் முகம்மா என்ற அரசு அலுவலகக் கட்டடத்துக்கு வந்து அலைக்கழிக்கப்படும் அப்பாவின் கதை.

'678' படத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வெளியே போய்வர வேண்டியவர். 2010-இல் முகமது தியாப் எடுத்தது. பஸ் நெரிசலில் உரசுகிறவர்களைப் பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் ஊசியை எடுக்கிற பெண்ணின் கதை. 2014-இல் சீண்டலைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. தனியாகப் போகும்போது மெட்ரோவின் நடுவில் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். யாராவது கை வைத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்காமல் சத்தம் போடுங்கள். பக்கத்துப் பெண்கள் துணைக்கு வருவார்கள்.

தியேட்டரில் பார்க்க ஆசையிருந்தால் நகர மையத்திலுள்ள ஸாவியாவில் நல்ல படங்கள் போடுகிறார்கள். வீட்டில் என்றால் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, டீ போட்டு, 'உம்முல் அரூஸா'வைச் சேர்ந்து பாருங்கள். வசனம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும், கையைக் காட்டியே பாதியை விளக்கிவிடுவார். யூசுஃப் ஷாஹீனின் 'அல் அர்த்' மட்டும் இப்போது வேண்டாம். பாசனத் தண்ணீருக்கும் நிலத்துக்கும் போராடும் விவசாயிகளைப் பற்றிய மகத்தான படம் அது. ஆனால் நகரத்துப் பேச்சு கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அதிலுள்ள கிராமத்துப் பேச்சு காதில் ஏறும்.