மணிக்கட்டு ஒடிந்த அம்மாவுக்குக் கால்சியம் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கம்மாளுக்கு 63 வயசுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்துல இருக்கறோம். கட்டுத்தரையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன்ல, அடர்த்தியக் காட்டற டி-ஸ்கோர் மைனஸ் 2.2. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருக்கா அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மி.கி. போடச் சொன்னாங்க. வெடியால வரக்காப்பியோட போட்டுட்டு மறுபடி படுத்துக்குவாங்க. நெஞ்சு எரியுதுன்னு இப்ப நிறுத்திட்டாங்க. கால்சியமும் பெரண்டைத் தொவையலும் போதாதுங்களா?

பதில்: போதாதுங்க. டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐயோ அதற்குக் கீழேயோ தொட்டால்தான் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் ஒடியும் நோய்) என்பது ஸ்கேன் கணக்கு. ஆனால் மாதவிடாய் நின்றபின், அடர்த்தியும் குறைந்திருக்கையில், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஒடிந்தால் எண்ணைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அடுத்து ஒடிவது இடுப்பாக இருந்தால் ஆளே படுக்கையில் விழுந்துவிடுவார். உங்கள் மருத்துவர் எழுதியது சரிதான்.

கோளாறு மாத்திரை போட்ட விதத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து இது. காப்பியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் சேராது. போட்டதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். எழுந்ததும், வேறெதுவும் வாயில் படுமுன், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு முழுங்கட்டும். அரை மணி நேரம் உட்காரலாம், நடக்கலாம். படுக்கவோ குனிந்து சாணி அள்ளவோ வேண்டாம். காப்பி, கால்சியம், மற்ற மாத்திரைகள் எல்லாம் அதன் பிறகுதான். எரிச்சல் ஆறியதும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இப்படி மறுபடி தொடங்குங்கள். அப்போதும் எரிந்தால், முழுங்கும்போது வலித்தால், விட்டுவிடலாம்; சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி இருக்கிறது.

கால்சியம் இந்த மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. நாளுக்கு சுமார் 1,200 மி.கி. வேண்டும். நம்ம பக்கம் ஒரு வேடிக்கை: கறந்த பாலெல்லாம் சொசைட்டிக்குப் போகும், கறந்தவர் குடிப்பது வரக்காப்பி! 400 மி.லி. பாலை வீட்டில் நிறுத்தினால் 480 மி.கி. கிடைக்கும், 100 கிராம் ராகி மாவில் களி கிண்டினால் இன்னொரு 350. மீதிக்கு ஒரு மாத்திரை, சாப்பிட்டபின். தைராய்டு மாத்திரை போடுபவர் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்திருந்தால், அதை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம். பெரண்டைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடட்டும். அதை நம்பி மருந்தை விடக் கூடாது.

கட்டுத்தரையையும் கவனியுங்கள். வழவழவென்ற சிமெண்ட் தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள், விளக்குப் போடுங்கள், தேய்ந்த செருப்பைத் தூக்கி எறியுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். முதுகை வளைத்துப் பாரம் தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கலாம்.

பல் பிடுங்கும் வேலை பாக்கியிருந்தால், மருந்தை மறுபடி தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.