வண்ணப் புள்ளிகளும் வானவில்லும் பெரியவர்களுக்கு என்ன மகிழ்ச்சி தரும்?

"இதெல்லாம் பள்ளிக்கூடக் கைவேலைதானே?" என்று இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு குத்தல் இருக்கிறது. ஆமாம், கல்லில் வண்ணப் புள்ளிகளும் வானவில் வரிசைகளும் வைப்பது கைவேலைதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா 2002இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் கலைக்கூடத்துக்காகக் குழந்தைகளை மனத்தில் வைத்தே ஓர் அறையை அமைத்தார். சுவர், மேசை, நாற்காலி எல்லாமே வெள்ளை. வருகிறவர்கள் வண்ண ஸ்டிக்கர் புள்ளிகளை விரும்பிய இடத்தில் ஒட்டலாம். நாள் போகப் போக வெள்ளை காணாமல் போய்விடும். பிறகு அந்த அறை பல நாடுகளுக்குப் போனது. பெரியவர்களும் ஆசையாக ஒட்டினார்கள். (குசாமாவுக்குப் புள்ளி வெறும் குதூகலம் அல்ல. சிறுவயதில் கண்ட மாயத்தோற்றங்களிலிருந்து வந்தது அது.)

என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று: ஒரு புள்ளியின் நிறத்தைப் பக்கத்துப் புள்ளி மாற்றிவிடுகிறது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரல். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. அருகில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. இதை ஆராய்ந்து அவர் 1839இல் வெளியிட்ட நூல், பின்னாளில் ஓவியர் ஸுரா கைக்கு வந்தது. சிகாகோவில் இருக்கும் ஸுராவின் 'கிராண்ட் ஜாட்' ஓவியம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அதன் நிறங்கள் சின்னச் சின்னத் தீற்றல்களும் புள்ளிகளுமாகப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன.

இதைப் பார்க்க சிகாகோ வரை போக வேண்டாம். ஒரே ஆரஞ்சு வண்ணத்தை நீலத்துக்கு அருகில் ஒரு புள்ளி, சிவப்புக்கு அருகில் ஒரு புள்ளி வையுங்கள். முன்னது துள்ளும், பின்னது சோர்ந்து கிடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

வானவில்லில் வேறு சுகம். எந்த நிறத்தை அடுத்து வைப்பது என்ற குழப்பமே கிடையாது; வரிசையை வானமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஏழு பட்டை என்பது நியூட்டன் செய்த ஏற்பாடு. முதலில் ஐந்து முதன்மை நிறங்கள் என்றவர், இசையின் ஏழு ஸ்வரங்களுக்கு இணையாக ஏழாக்கினார். உண்மையான வானவில்லில் கோடு எதுவும் இல்லை. ஆகவே நான் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே இரண்டையும் கலந்து இன்னும் சில வரிசைகள் வைப்பேன்.

தொடங்குவதற்குக் கூழாங்கல்லும் அக்ரிலிக் வண்ணமும் போதும். பென்சிலின் பின்முனை பெரிய புள்ளிக்கு, குண்டூசித் தலை சிறியதற்கு. வண்ணம் கெட்டியாக இருந்தால் புள்ளியில் கூர் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒருமுறை தோய்த்து வரிசையாக வைத்துக்கொண்டே போனால் புள்ளிகள் தாமாகச் சிறுத்துக்கொண்டு வரும், அதுவே அழகு. ஊதாவுக்கு ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பை நீலத்தோடு கலந்தால் சேறுதான் கிடைக்கும். அடர்ந்த ரோஜா நிறத்தைக் கலந்து பாருங்கள். கறுப்புக் கல்லில் மஞ்சள் எடுபடாவிட்டால் முதலில் வெள்ளைப் புள்ளி வைத்து, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் மஞ்சளை வையுங்கள்.