கொடைக்கானல் பெரணி மதுரையில் வளருமா?

மதுரையில் வெயில் படாத பின்கட்டில் கொடைக்கானல் பெரணியை (ஃபெர்ன் செடியை) வளர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். சோலைக்காட்டு மரப்பெரணி என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிரும் மூடுபனியும் இல்லாமல் வெறும் நிழலை வைத்து என்ன செய்வது? நம் பக்கத்துப் பழங்கிணறுகளில், காரை பெயர்ந்த செங்கல் இடுக்கில் தானாகவே முளைத்துத் தொங்குகிறதே, அந்த வகைப் பெரணியை நர்சரியில் கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். இலைமக்கும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உப்பேறிய போர் தண்ணீரில் இலைநுனி கருகும், மழைநீர் உத்தமம். சித்திரை அனலில் தொட்டியைச் சுற்றித் தரையையும் நனையுங்கள். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்தடித்துவிடாதீர்கள். பூக்காத இந்தச் செடிக்கு அவைதாம், விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்தூள் அடங்கிய வித்துப்பைகள்.