காந்தி ரோட்டில் வங்காளம்

அன்புள்ள ஐயா,

பி.காம். வரை ஆங்கில இலக்கணம் படித்தும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. 'கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி தானாக வரும்' என்று நண்பர் சொன்னதை நம்பி, ஆறு மாதமாக தினமும் இரவு ஆங்கிலச் செய்தி சேனல் பார்க்கிறேன். ஒன்றும் ஏறவில்லை. இதெல்லாம் சும்மா கதையா?

ஆர்., குடியாத்தம்

அன்புள்ள ஆர்.,

கதை இல்லை. நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் அழுத்திச் சொன்னது, காதில் விழுவது புரிய வேண்டும் என்பதை. விஷயம் பிடிபட்டு, மொழி மட்டும் நம் நிலைக்கு ஒரு படி மேலே இருந்தால் அது தங்கும் என்பார். புரியாத சேனல் ஆறு மாதம் ஓடுவதும் சமையலறையில் மிக்சி ஓடுவதும் ஒன்றுதான்.

வேலூர் வந்தால் சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் காந்தி ரோட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்குகிற நோயாளிகள்தான் அங்கே பாதிக் கூட்டம். நான் மாத்திரை வாங்கும் கடையில் இருக்கிற அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். 'காபார் ஆகே, காபார் பொரே' என்று சாப்பாட்டுக்கு முன், பின் கணக்கை சரளமாகச் சொல்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரு சொல்லிக் குடுப்பா? சீட்டைப் பாத்தாலே அவங்க என்ன கேக்கப் போறாங்கன்னு தெரியுமே" என்றார். அர்த்தம் முதலிலேயே கையில் இருந்தது, சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தப்பாகச் சொன்னால் மார்க் குறைக்கவும் அங்கே ஆள் இல்லை. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் சில ஆண்டுகள் தென்னிந்தியப் பள்ளிகளில் செய்து பார்த்ததும் ஏறக்குறைய இதுதான்: இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ரயில் நேர அட்டவணையையும் வரைபடத்தையும் வைத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே கணக்குப் புதிர் போல வேலை கொடுத்தார்.

ஆனால் அந்த அக்காவிடம் இருப்பது மாத்திரை வங்காளம். ஒரு பாட்டி மருமகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்ததும் வெறுமனே தலையாட்டிச் சமாளித்தார்.

இன்னொன்று. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டு படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் எல்லாம் புரிந்துகொண்டார்கள், பேசும்போது மட்டும் இலக்கணம் தடுமாறியது. தாங்களே பேசிப் பார்க்க போதிய வாய்ப்பு இல்லாததுதான் காரணம் என்று அந்நாட்டு மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதினார். அதனால் வாயையும் திறக்கத்தான் வேண்டும். அது அப்புறம்.

இப்போதைக்கு சேனலை அணையுங்கள். காலையில் தமிழ்ப் பேப்பரில் படித்த செய்தியையே ஆங்கிலப் பேப்பரில் தேடிப் படியுங்கள். முடிவு தெரிந்த கிரிக்கெட் மேட்ச்சை ஆங்கில வர்ணனையோடு திரும்பப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.