ஐரோப்பிய வங்கிகளின் முன்னாள் கண்காணிப்பாளர்: ஆந்த்ரேயா என்ரியா பற்றிச் சில கேள்விகள்

கே: என்ரியா எந்த வழியாக மேலே வந்தார்?

ப: மத்திய வங்கி, ஒழுங்குமுறை அமைப்பு, மறுபடியும் மத்திய வங்கி என்றே போன பாதை. இத்தாலியின் மத்திய வங்கியில் தொடங்கி, ஐரோப்பிய மத்திய வங்கிக்குப் போய், 2004-ல் லண்டனிலிருந்த ஐரோப்பிய வங்கி மேற்பார்வையாளர் குழுவின் பொதுச்செயலாளர் ஆனார். அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. 2008-ல் ரோமுக்குத் திரும்பினார். 2011-ல் அந்தக் குழுவின் இடத்தில் ஐரோப்பிய வங்கி ஆணையம் வந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 2019 முதல் 2023 கடைசி வரை பிராங்க்ஃபர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கியின் மேற்பார்வை வாரியத்தின் தலைவர்.

கே: ஆணையத் தலைவர், வாரியத் தலைவர்: இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. ஆணையம் விதிகளின் விவரங்களை எழுதும், நெருக்கடி வந்தால் வங்கிகள் தாங்குமா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒருங்கிணைக்கும். தனி வங்கியின் அன்றாடக் கண்காணிப்பு அதன் கையில் இல்லை. வாரியம் இருப்பது ஐரோப்பிய மத்திய வங்கியின் கண்காணிப்பு அமைப்பில்; அது 2014 நவம்பர் 4 முதல் பெரிய வங்கிகளை நேரடியாகப் பார்க்கிறது. சொத்து 3,000 கோடி யூரோவைத் தாண்டினாலே அதன் வளையத்துக்குள் வந்துவிடும். வேறு அளவுகோல்களும் உண்டு. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கூட்டுக் குழு. ஆண்டுதோறும் வங்கி தொழில் நடத்தும் விதம், நிர்வாகம், மூலதன ஆபத்து, பணப்புழக்க ஆபத்து ஆகிய நான்கையும் 1 முதல் 4 வரை மதிப்பிட்டு, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு மூலதனம் (நட்டத்தைத் தாங்கும் சொந்தப் பணம்) வேண்டும் என்று வங்கிக்கு வங்கி தனித்தனியாக நிர்ணயிப்பார்கள். உண்மையான பிடி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கே: 2011 ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறிய பெல்ஜிய-பிரெஞ்சு வங்கி டெக்சியா மூன்றே மாதத்தில் கவிழ்ந்ததே, எப்படி?

ப: தேர்வு மூலதனத்தை மட்டும்தான் அளந்தது. மோசமான சூழலிலும், ஆபத்துக்கேற்ப எடைபோட்ட சொத்தில் 5 சதவீதம் மூலதனம் இருந்தால் போதும், டெக்சியாவுக்கு 10.4 சதவீதம் வந்தது. அந்த வங்கியின் நோயோ வேறு. நீண்டகாலச் சொத்துகளைக் குறுகியகாலக் கடனை வைத்தே தாங்கி நின்றது. கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டதும் காசு தீர்ந்தது. மூலதனக் கணக்கில் அது தெரியாது. தவிர, முதிர்வு வரை வைத்திருக்கும் அரசுப் பத்திரங்கள் சந்தை விலைக்குக் குறைக்கப்படவில்லை; கிரேக்கப் பத்திரம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது.

அதன்பின் ஆணையம் 2012 ஜூனுக்குள் 9 சதவீத மூலதனம் வேண்டும் என்றது. அரசுப் பத்திரங்களைச் சந்தை விலையில் மதிப்பிட்டபோது பற்றாக்குறை சுமார் 11,500 கோடி யூரோ. விகிதத்தை உயர்த்த இரண்டு வழி: மூலதனத்தைக் கூட்டுவது, கடனைக் குறைப்பது. இரண்டாவது வழியில் வங்கிகள் இறங்கிவிடக்கூடாது என்று ஆணையம் சொல்லியும், கடன் இறுகிவிட்டது என்ற திட்டு என்ரியாவுக்குத்தான் விழுந்தது. என் பார்வையில் 9 சதவீதம் தப்பில்லை, வந்த நேரம்தான் மோசம்.

கே: கொரோனாவில் வங்கிகளின் ஈவுத்தொகையை அவர் தடை செய்தாரா?

ப: தடை இல்லை, பரிந்துரை. 2020 மார்ச் 27-ல் வந்தது. மூலதன விதிகளைத் தளர்த்திக் கிடைத்த இடம் கடன் கொடுக்கப் போகட்டும், பங்குதாரருக்குப் போகவேண்டாம் என்பதே நோக்கம். ஆனால் வங்கிக்கு வங்கி மூலதன எண்ணை நிர்ணயிப்பவர் சொன்னால் வங்கி மீறுமா? 2020 டிசம்பரில் கொஞ்சம் தளர்த்தினார்கள்: 2019, 2020 லாபத்தில் 15 சதவீதம், அல்லது முதன்மை மூலதன விகிதத்தில் 0.20 சதவீதப் புள்ளி, எது குறைவோ அது. 2021 செப்டம்பர் கடைசியில் பரிந்துரை முடிந்தது.

கே: தலைவரை யார் நியமிக்கிறார்கள்? பதவி நீட்டிப்பு உண்டா?

ப: ஐரோப்பிய மத்திய வங்கி பெயரை முன்மொழியும், ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்பவேண்டும், பிறகு உறுப்பு நாடுகளின் கவுன்சில் நியமிக்கும். 5 ஆண்டு, ஒரே முறை. அவருக்குப் பின் 2024 தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாவுடியா புக் வந்தார்.

கே: இப்படிப்பட்டவர்கள் பிறகு வங்கிகளின் பக்கம் போகலாமா?

ப: ஆணையத்தின் செயல் இயக்குநர் ஆடம் ஃபர்காஷ் 2020-ல் நேராக நிதி நிறுவனங்களின் சங்கம் ஒன்றுக்குத் தலைமை அதிகாரியாகப் போனார். ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஐரோப்பியக் குறைதீர்ப்பாளர் அது நிர்வாகத் தவறு, தடுத்திருக்கவேண்டும் என்றார். ஒன்றியப் பணியாளர் விதியில் விலகிய பின் 2 ஆண்டு வரை புதிய வேலையைத் தெரிவிக்கவேண்டும். மேல்நிலை அதிகாரிகள் முதல் 12 மாதம் பழைய அலுவலகத்திடம் பரிந்து பேசக்கூடாது. விதி அப்போதும் இருந்தது. தடுக்கும் அதிகாரத்தைத்தான் யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை.