வாஷிங் மெஷினின் பின்பக்க போல்ட்டுகளை மறந்துவிடாதீர்கள்

அடுத்த வாரம் வெகுதூரம் வீடு மாறுகிறீர்கள், ஃபிரிட்ஜையும் முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினையும் எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். மெஷின்தான் முக்கியம். வாங்கியபோது அதன் பின்புறம் நீளமான போல்ட்டுகள் இருந்திருக்கும். வண்டியில் போகும்போது டிரம் ஆடாமல் பிடிப்பவை அவைதான். தேடி எடுத்து மாட்டிவிடுங்கள். நான் மாட்டாமலே ஏற்றிவிட்டேன். புது வீட்டில் முதல்முறை ஓட்டியபோது டிரம் தடதடவென்று அடித்ததில் வயிறு கலங்கிப்போனது. போல்ட்டுகள் தொலைந்திருந்தால், மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கீழே இருக்கும் சின்ன ஃபில்டர் மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் மற்ற சாமான்கள்மேல் ஒழுகும்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டால் உடனே போடாதீர்கள். ஒரு நாள் நிமிர்ந்து நிற்கட்டும்; குழாய்களுக்குள் போன எண்ணெய் திரும்ப கம்ப்ரஸருக்கு இறங்க வேண்டும்.